வார்டும் வாசற்படியும்

திருவள்ளூரிலிருந்து கும்மிடிப்பூண்டிக்கு ரயிலில் போக வேண்டுமானால் சென்னைக்குள் வந்து, பேசின் பிரிட்ஜில் இறங்கி, வேறு தடத்து வண்டி பிடித்து மறுபடி வடக்கே போக வேண்டும். ஒரே மாவட்டம்தான். ஆனால் மாவட்டத் தலைநகர் திருவள்ளூர் அரக்கோணம் தடத்தில் இருக்கிறது, கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டை கூடூர் தடத்தில் இருக்கிறது. கும்மிடிப்பூண்டிப் பக்கம் எளாவூரிலோ கவரைப்பேட்டையிலோ ஒருவருக்கு மூச்சுத் திணறினால் வீட்டாருக்குச் சட்டென்று நினைவுக்கு வருவது வடசென்னையின் ஸ்டான்லி மருத்துவமனை. மாவட்டத் தலைமை மருத்துவமனை அதற்குப் பிறகுதான். இந்தத் தூரத்தை மனத்தில் வைத்துக்கொண்டுதான் கொரோனா காலத்து மருத்துவப் பணியாளர்களைப் பற்றிப் பேச வேண்டும் என்று நினைக்கிறேன். அவர்களின் சோர்வைப் பற்றி எழுதப்பட்டவை எல்லாம் பெரும்பாலும் ஒரே ஆளைப் பற்றியவை: கவச உடைக்குள் வியர்த்து, முகத்தில் மாஸ்க் தடம் பதிந்த வார்டு செவிலியர். அவரோடு இன்னொருவரையும் நிறுத்திப் பார்க்கலாம். ஸ்கூட்டியில் பதிவேட்டுப் பையோடு, வரிசை அறைகளான லைன் வீடுகளின் வாசலில் நின்ற கிராம சுகாதாரச் செவிலியர்.

இருவருமே செவிலியர்கள், இருவரும் அரசுப் பணியில். முன்னவரை 'சிஸ்டர்' என்று கூப்பிடுவார்கள், பின்னவரை 'நர்ஸம்மா' என்று. இங்கே நான் எந்தத் தனிமனிதரையும் சொல்லவில்லை. இரண்டு வேலைகளைச் சொல்கிறேன். ஆபத்து எங்கே அதிகமோ அங்கேதான் சோர்வும் அதிகம் என்று நாம் எளிதாக எடுத்துக்கொள்கிறோம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வேலைக்கு ஒரு கரை இருந்ததா, கொடுத்த வாக்கு காப்பாற்றப்பட்டதா என்ற இரண்டு கேள்விகள்தான் யார் தாங்கினார்கள், யார் உள்ளுக்குள் காய்ந்து போனார்கள் என்பதைத் தீர்மானித்தன.

தமிழ்நாட்டின் முதல் தொற்று 2020 மார்ச் 7 அன்று உறுதியானது. ஏப்ரல் கடைசியில் கோயம்பேடு சந்தையிலிருந்து தொற்று கிளைவிட்டது. மே 5 அன்று சந்தையை மூடி, சில நாளில் காய்கறி மொத்த வியாபாரத்தைத் திருமழிசைக்கு மாற்றினார்கள். திருமழிசை திருவள்ளூர் மாவட்டம். ஜூன் 19 முதல் 30 வரை சென்னையோடு சேர்த்து இந்த மாவட்டத்தின் சென்னையை ஒட்டிய பகுதிகளுக்கும் முழு ஊரடங்கு வந்தது. பூந்தமல்லியில் சுகாதாரப் பணியாளர்களுக்குப் பயிற்சி தந்து வந்த பொது சுகாதார நிறுவனமே தனிமைப்படுத்தும் இடமாகவும் சிகிச்சை மையமாகவும் ஆகிவிட்டது.

அந்த மாதங்களில் வார்டு செவிலியரின் நாள் எப்படி இருந்தது என்பது பலமுறை சொல்லப்பட்டதுதான். கவச உடையை ஒருமுறை போட்டால் ஷிப்டு முடியும்வரை கழற்ற முடியாது. தண்ணீர் குடிக்க முடியாது, கழிப்பறைக்குப் போக முடியாது. அதற்காகவே டூட்டிக்கு முன்னால் குடிக்காமல் இருப்பார்கள். மாதவிடாய் நாட்களில் அது எப்படி இருந்திருக்கும் என்று ஆண்கள் எழுதிய கட்டுரைகளில் தேடிப் பாருங்கள், கிடைக்காது. மே மாத வெயிலில், பல இடங்களில் ஏசியை நிறுத்திவிட்ட வார்டில், இரட்டைக் கையுறையோடு நரம்பு தேடி ஊசி போட வேண்டும். ஆக்சிஜன் அளவு இறங்குகிறதா என்று படுக்கை படுக்கையாகப் பார்க்க வேண்டும். நோயாளியைக் குப்புறப் படுக்க வைக்க வேண்டும். உறவினர் உள்ளே வர முடியாததால் சாப்பாடு ஊட்டுவதும் போனைக் காதில் பிடிப்பதும் இவரே.

கடுமைதான். ஆனால் அந்தக் கடுமைக்கு ஒரு கரை இருந்தது. 2020இல் பல அரசு மருத்துவமனைகளில் ஒரு வாரம் டூட்டி, ஒரு வாரம் தனிமை என்று பட்டியல் போட்டார்கள். தனிமை நாட்களை விடுதியிலோ ஹோட்டல் அறையிலோ கழித்தார்கள். பிள்ளையை விட்டுப் பிரிந்திருந்தார்கள், அழுதார்கள், ஆனாலும் தூங்கினார்கள். பக்கத்து அறையில் அதே வார்டில் வேலை பார்த்த இன்னொருவர் இருந்தார். நேற்று இரவு பதினான்காம் படுக்கையில் நடந்ததை அவரிடம் விளக்கத் தேவையில்லை, பேர் சொன்னால் போதும். நோயாளி குணமாகி வெளியே போகும்போது வாசலில் நின்று கைதட்டி அனுப்பினார்கள். நாடகத்தனமாகத்தான் இருந்தது, ஆனாலும் தன் உழைப்பு ஒரு முடிவுக்கு வந்ததைக் கண்ணால் பார்க்கும் வாய்ப்பு அது. 2020 மே 3 அன்று விமானப்படை ஹெலிகாப்டர்கள் சென்னையின் பெரிய மருத்துவமனைகள் மேல் பூத் தூவின. துணை சுகாதார நிலையத்தின் மேல் யாரும் எதுவும் தூவவில்லை; அந்தக் கட்டடத்தை வானத்திலிருந்து கண்டுபிடிப்பதும் கஷ்டம்.

இனி நர்ஸம்மா. சமவெளிப் பகுதியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது விதி. அதன் பொறுப்பில் இருப்பவர் ஒரே ஒருவர். 1973இல் கர்தார் சிங் குழு பரிந்துரைத்த பல்நோக்குப் பணியாளர் என்ற ஏற்பாட்டிலிருந்து வந்த பதவி இது. கர்ப்பிணிப் பதிவு, தடுப்பூசி, குடும்பநலம், காய்ச்சல் கணக்கு, பிறப்பு இறப்பு விவரம் என்று எல்லா நோக்கமும் ஒருவர் தலையில். கொரோனா வந்தபோது இவற்றில் எதுவும் நிற்கவில்லை. எட்டாம் மாதக் கர்ப்பிணிக்கு ஊரடங்கு கிடையாது. பிறந்த குழந்தைக்கு ஒன்றரை மாதத்தில் ஊசி போட்டாக வேண்டும். அவற்றின் மேல், தொற்று வந்தவரின் தொடர்புகளைத் தேடுவது, வீட்டுக் கதவில் தனிமைப்படுத்தல் ஸ்டிக்கர் ஒட்டுவது, காய்ச்சல் முகாம், கபசுரக் குடிநீர், தினமும் மாலைக்குள் அனுப்ப வேண்டிய எண்கள்.

கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் இந்த 5,000 என்ற எண்ணே ஒரு கற்பனை. சிப்காட் தொழிற்பேட்டையின் இரும்பு உருக்காலைகளிலும் பட்டறைகளிலும் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், வங்கத் தொழிலாளர்கள் வேலை செய்கிறார்கள். ஒரு அறைக்கு ஐந்தாறு பேர், ஷிப்டு மாற்றி ஒரே பாயில் தூங்குபவர்கள். குடும்பப் பதிவேட்டில் அவர்கள் பெயர் ஏறியிருக்காது. இந்த மாதம் இருப்பவர் அடுத்த மாதம் தேர்வாய்கண்டிகைத் தொழிற்பேட்டையில் இருப்பார். அருகிலேயே இலங்கைத் தமிழர் முகாம். வடக்கே ஆரம்பாக்கம் தாண்டினால் ஆந்திரம். ஊரடங்கில் சென்னையிலிருந்து வடக்கே நடக்கத் தொடங்கியவர்களுக்கு தமிழ்நாட்டின் கடைசிப் பகுதி இதுதான். தேசிய நெடுஞ்சாலையில் நடந்து வந்தவர்களுக்குக் காய்ச்சல் பார்க்க யாரை நிறுத்துவார்கள்? அந்தந்த வட்டாரச் சுகாதாரப் பணியாளர்களைத்தான். மொழி தெரியாது. 'புகார்' என்றால் இந்தியில் காய்ச்சல் என்று கற்றுக்கொண்டதோடு நர்ஸம்மாவும் வந்தவரும் சைகையில் பேசிக்கொள்ள வேண்டியதுதான். 2020 மே மாதத்திலிருந்து ஆலைகள் படிப்படியாகத் திறந்தபோது இன்னொரு சங்கடம் சேர்ந்தது. காய்ச்சல் என்று சொன்னால் கூலி போகும். ஆகவே சொல்ல மாட்டார்கள். கான்ட்ராக்டர் ஒரு எண்ணிக்கை சொல்வார், அறைச் சொந்தக்காரர் வேறு எண்ணிக்கை சொல்வார். மாலை அறிக்கையில் எந்த எண்ணை எழுதுவது என்பது நர்ஸம்மாவுக்கு மருத்துவப் பிரச்சினையாக இல்லை, மனச்சாட்சிப் பிரச்சினையாக இருந்தது.

இவருக்குத் தனிமை வாரம் கிடையாது. சாயங்காலம் வீட்டுக்குத்தான் போக வேண்டும். பின்பக்கக் குழாயடியில் குளித்து, உடுப்பை நனைத்துப்போட்டுவிட்டுத்தான் குழந்தையைத் தொட்டவர்கள் எத்தனையோ பேர். போன் மட்டும் நனைக்க முடியாதது. அது இரவு பத்து மணிக்கும் அடிக்கும். 'நர்ஸம்மா, எங்க மாமாவுக்கு ரிசல்ட் வந்துடுச்சா?' என்று கேட்பவர் கெட்டவர் அல்ல, பயந்தவர். அதனால் எடுக்காமல் இருக்க முடியாது.

ஊரார் ஒதுக்கியதையும் ஒப்பிட வேண்டும். வார்டு செவிலியரை ஒதுக்கியவர் வீட்டுச் சொந்தக்காரர், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர், அடுக்குமாடிச் சங்கம். பெரும்பாலும் முகம் தெரியாத ஆட்கள். 2020 ஏப்ரல் 19 இரவு நரம்பியல் அறுவை மருத்துவர் சைமன் ஹெர்குலிஸின் உடலை அடக்கம் செய்யவிடாமல் சென்னையில் கும்பல் கல்லெறிந்தது. அதற்குச் சில நாள் முன்பு நெல்லூர் மருத்துவர் ஒருவரின் உடலை எரிப்பதற்கு அம்பத்தூரில் எதிர்ப்புக் கிளம்பியது. அந்த மாதமே சட்டம் வந்தது: பணியாளரைத் தாக்கிக் கொடுங்காயம் விளைவித்தால் ஏழு ஆண்டு வரை சிறை என்று மத்திய அவசரச் சட்டம், இறுதிச்சடங்கைத் தடுத்தால் மூன்று ஆண்டு வரை என்று மாநில அவசரச் சட்டம். கல் எறிந்தவனுக்குச் சட்டம் உண்டு. ஆனால் தன் இரண்டு பிரசவங்களுக்கும் கூட வந்த நர்ஸம்மாவைப் பார்த்ததும் கதவைச் சாத்திக்கொண்ட பெண்ணுக்கு எந்தச் சட்டப் பிரிவும் பொருந்தாது. பொருந்தவும் கூடாது. அவள் கதவில் ஸ்டிக்கர் ஒட்டியது இவர்தான். தெருவே அவளை ஒதுக்கியதற்கு அந்த ஸ்டிக்கர்தான் காரணம். பல வருடம் சேர்த்த நம்பிக்கையைச் செலவழித்துத்தான் அரசு தன் தொற்றுத்தடுப்பு வேலையை நடத்தியது. அது இவருடைய சொந்தச் சேமிப்பு என்று யாரும் கணக்கில் எழுதவில்லை.

அமெரிக்க உளவியலாளர் கிறிஸ்டினா மாஸ்லாக் பணிச்சோர்வை மூன்றாகப் பிரித்தார்: சக்தி வற்றிப்போவது, வேலையிலிருந்தும் மனிதர்களிடமிருந்தும் மனம் விலகி ஒரு கசப்பு வருவது, தான் செய்வதால் எதுவும் ஆகப்போவதில்லை என்ற எண்ணம் வருவது. உலக சுகாதார நிறுவனமும் 2019இல் இதே மூன்றைத்தான் எடுத்துக்கொண்டது. நோய் என்று சொல்லாமல், வேலையிடத்தில் விளையும் நிலை என்று சொன்னது. இந்த மூன்றில் முதலாவதில் வார்டு செவிலியர் முந்துகிறார், சந்தேகமில்லை. கள வேலைக்காரரிடம் நான் அதிகம் காண்பது பின்னிரண்டு. 'எழுதி அனுப்பியாச்சு, அவ்வளவுதான்' என்று ஒரு வாக்கியம் அந்த வேலையில் இருப்பவர்கள் வாயில் சாதாரணமாக வரும். அதில் களைப்பு தெரியாது, விலகல் தெரியும்.

2021 ஏப்ரல், மே மாதங்கள் இந்த ஒப்பீட்டைக் கொஞ்சம் புரட்டிப்போட்டன. முதல் அலையில் தமிழ்நாட்டின் ஒருநாள் உச்சம் 2020 ஜூலை 27 அன்று 6,993. இரண்டாம் அலையில் 2021 மே 21 அன்று 36,184. ஐந்து மடங்குக்கு மேல். ஒரு வாரம் டூட்டி, ஒரு வாரம் ஓய்வு என்ற பட்டியல் இந்தக் கூட்டத்தின் முன் நிற்கவில்லை. சென்னை ராஜீவ் காந்தி அரசு மருத்துவமனை வாசலில் ஆம்புலன்ஸ்கள் வரிசையில் நின்றன. மே 4 இரவு செங்கல்பட்டு அரசு மருத்துவமனையில் ஆக்சிஜன் அழுத்தம் குறைந்த நேரத்தில் 13 பேர் இறந்தார்கள். ஒரே படுக்கைக்கு மூன்று பேர் காத்திருக்கும்போது யாருக்கு என்று முடிவெடுக்கும் இடத்தில் நிற்பது உடல் களைப்பு அல்ல. அது வேறு காயம். அந்த வாரங்களில் வார்டு செவிலியருக்கும் கரை இல்லாமல் போனது. இருவரின் நிலையும் ஒன்றாக இருந்த காலம் என்றால் அதுதான். பிறகு ஜூலையில் வார்டு காலியானது. நர்ஸம்மாவுக்குக் காலியாகவில்லை.

ஏனென்றால் தடுப்பூசி வந்துவிட்டது. 2021 ஜனவரி 16 அன்று தொடங்கியது, செப்டம்பர் 12 ஞாயிற்றுக்கிழமை முதல் மெகா முகாம்களாக மாறியது. அன்று ஒரே நாளில் மாநிலம் முழுவதும் 28 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு ஊசி போட்டார்கள். பெருமைப்பட வேண்டிய எண்தான். ஆனால் மருந்துப் பெட்டியை எடுத்துவருவது, ஆள் கூட்டுவது, கோவின் செயலியில் ஓடிபி கேட்டுக் காத்திருப்பது, இரண்டாம் தவணைக்கு வராதவரின் வீட்டுக்குப் போவது என்று அந்த ஞாயிறுகள் யாருடையவை? வார நாளில் வழக்கமான வேலை அப்படியே இருந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியிருந்தது. நல்ல திட்டம், அதற்கெனத் தன்னார்வலர்கள் வந்தார்கள், கூடவே இன்னும் சில பதிவேடுகளும் வந்தன. ஒரு பெருந்தொற்று இன்ன தேதியில் முடிந்தது என்று துணை சுகாதார நிலையத்தில் யாரும் அறிவிக்கவில்லை.

இதுவரை நர்ஸம்மா பக்கமே தராசு சாய்கிறது. வாக்கு என்ற இரண்டாவது கேள்விக்கு வந்தால் சாய்வு மாறும். மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் நடத்திய தேர்வு எழுதி 2015இல் வேலைக்கு வந்த செவிலியர்களுக்குத் தொகுப்பூதியம் மாதம் 7,700 ரூபாய். இரண்டு ஆண்டில் நிரந்தரம் என்பது அவர்களிடம் சொல்லப்பட்டது. 2017 நவம்பரில் சென்னையில் மருத்துவ இயக்குநரகம் இருக்கும் டி.எம்.எஸ். வளாகத்தில் கைக்குழந்தைகளோடு உட்கார்ந்து போராடினார்கள். ஊதியம் 14,000 ஆனது. நிரந்தரம் தள்ளித் தள்ளிப் போனது. இந்த நிலையில்தான் கொரோனா வந்தது. தொற்றுக்காகவே இன்னும் ஆயிரக்கணக்கானோரை ஒப்பந்தத்தில் எடுத்தார்கள். 2021 மே மாதம் 1,212 செவிலியர்கள் நிரந்தரமானார்கள். அதே மாதம் 12ஆம் தேதி புதிய அரசு ஊக்கத்தொகை அறிவித்தது: மருத்துவருக்கு 30,000, செவிலியருக்கு 20,000, மற்றவர்களுக்கு 15,000. பெருந்தொற்றுக் காலத்தில் சேர்ந்த 2,300க்கும் மேற்பட்ட ஒப்பந்தச் செவிலியர்களுக்கு 2022 டிசம்பர் 31 கடைசி நாள் என்று ஆணை வந்தது. புத்தாண்டன்று அவர்கள் தெருவில் இருந்தார்கள்.

நிரந்தரப் பணியில் இருக்கும் கிராம சுகாதாரச் செவிலியருக்கு இந்த அடி விழவில்லை. மாதச் சம்பளம், விடுப்பு, ஓய்வுக்காலம் பற்றிய ஒரு கணக்கு அவரிடம் இருந்தது. களைத்தார், கசந்தார், ஆனால் தூக்கி எறியப்படவில்லை. வார்டில் பிணங்களை மூட்டை கட்டியபோது உடையாமல் நின்ற ஒருவர், இரண்டு வருடம் கழித்து ஒரு பக்க ஆணையைப் படித்து உடைந்திருக்கலாம். இதைத் தாங்குதிறன் குறைவு என்று யாராவது சொன்னால் நான் ஒப்ப மாட்டேன். யோகா வகுப்பும் மனநல ஆலோசனைத் தொலைபேசி எண்ணும் நல்லவைதான். நிரந்தர ஆணைக்கு அவை மாற்று ஆகுமா?

அரசு மருத்துவர்களின் கதையும் இதே திசைதான், ஆனால் அதை நீட்ட இங்கே இடமில்லை. 2019 அக்டோபர் 25 அன்று ஊதிய உயர்வுக்காக வேலைநிறுத்தம் தொடங்கியவர்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இடமாற்றத்துக்கு ஆளானார்கள். அந்த ஆணைகளைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது 2020 பிப்ரவரியில். அடுத்த மாதமே தொற்று. அந்த மனநிலையோடுதான் வார்டுக்குள் போனார்கள் என்பதை மறந்துவிட்டு 'முன்களப் போராளிகள்' என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

இப்படி இரண்டைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது புதிதல்ல. 2003இல் கனடாவின் டொரண்டோவில் சார்ஸ் நோயைச் சந்தித்த 9 மருத்துவமனைகளையும், சார்ஸ் வராத ஹாமில்டன் நகரின் 4 மருத்துவமனைகளையும் ராபர்ட் மாண்டரின் குழு ஒப்பிட்டது. நோய் ஓய்ந்து சுமார் ஓராண்டிலிருந்து இரண்டாண்டு வரை கழித்துக் கேட்டபோது, டொரண்டோவில் சுமார் 30 விழுக்காட்டினரிடமும் ஹாமில்டனில் சுமார் 19 விழுக்காட்டினரிடமும் பணிச்சோர்வு இருந்தது. 2006இல் வெளியான அந்த ஆய்வில் எனக்கு முக்கியமாகப் பட்டது இந்த வித்தியாசம் அல்ல. போதுமான பயிற்சியும் பாதுகாப்பும் ஆதரவும் கிடைத்தன என்று உணர்ந்தவர்களிடமும், அனுபவம் கூடியவர்களிடமும் பாதிப்பு குறைவாக இருந்தது. தாங்குதிறன் என்று நாம் நெஞ்சுக்குள் தேடுவது பாதிக்கு மேல் நிர்வாகத்தின் கையில் இருக்கிறது. அதோடு, கேட்டது நோய் ஓய்ந்தபிறகு. சோர்வு அலை வரும்போது வருவதில்லை. அலை வடிந்தபிறகு வருகிறது.

ஒரு மறுப்பு நியாயமானது. இறந்தவர்கள் எங்கே அதிகம்? 2020 ஜனவரி முதல் 2021 மே வரை உலகில் 80,000 முதல் 1,80,000 வரை மருத்துவப் பணியாளர்கள் கொரோனாவால் இறந்திருக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. உயிரையே பணயம் வைத்தவரோடு ஞாயிற்றுக்கிழமை போனதற்கு வருந்துபவரை எப்படி ஒப்பிடுவது என்று கேட்கலாம். உயிராபத்தில் ஒப்பிட முடியாது, ஒப்பிடவும் இல்லை. ஆனால் அடுத்த தொற்று வரும்போது வேலைக்கு மனத்தோடு யார் வருவார்கள் என்பது வேறு கேள்வி. அதில் களப்பணியின் நிலைதான் எனக்கு அதிகம் கவலை தருகிறது. வார்டு சோர்வு வெளியே தெரியும். போராட்டமாக, ராஜினாமாவாக, வெளிநாட்டு வேலைக்கான விண்ணப்பமாகத் தெரியும். கள வேலையில் அது நிரப்பப்பட்ட பதிவேடாக வரும். எல்லாக் கட்டமும் நிறைந்திருக்கும். எந்த வீட்டுக்கும் உண்மையில் போயிருக்க மாட்டார்கள்.

மருத்துவமனைகளுக்கு ஒரு விதி இருக்கிறது. பயிற்சி மருத்துவமனையின் பொது வார்டில் மூன்று படுக்கைக்கு ஒரு செவிலியர், மற்ற மருத்துவமனைகளில் ஐந்துக்கு ஒருவர், அதன்மேல் விடுப்பில் போகிறவர்களுக்கு ஈடாக 30 விழுக்காடு கூடுதல் ஆட்கள் என்று இந்திய நர்சிங் கவுன்சில் சொல்கிறது. 2022 ஜனவரி 12 அன்று திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டபின் தலைமை மருத்துவமனையும் பயிற்சி மருத்துவமனை ஆகிவிட்டது. விதி நிறைவேறுகிறதோ இல்லையோ, கேட்பதற்கு ஒரு எண் கையில் இருக்கிறது. ஒரே ஒருவர் இருக்கும் துணை சுகாதார நிலையத்தில் 30 விழுக்காடு என்றால் என்ன? நர்ஸம்மா விடுப்பு எடுத்தால் பக்கத்து நிலையத்து நர்ஸம்மாவுக்குக் கூடுதல் பொறுப்பு. அந்த இடம் காலியாகவே இருந்தால் அந்தக் கூடுதல் பொறுப்பு மாதக்கணக்கில் தொடரும். நான்கு நிலையங்களுக்கு ஒரு மாற்றுச் செவிலியர் என்று வட்டார ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஆள் வைத்தால் இதைத் தீர்க்கலாம். பெரிய செலவும் இல்லை.

அதற்கு முதலில் தலைகளை எண்ண வேண்டும். திருவள்ளூர் மாவட்டத்தின் கடைசிக் கணக்கு 2011இல் எடுத்தது: 37,28,104 பேர். அதற்குப்பின் அம்பத்தூரும் மாதவரமும் மதுரவாயலும் திருவொற்றியூரும் சென்னை மாவட்டத்துக்குப் போய்விட்டன. சிப்காட்டுக்கு வந்தவர்களோ கூடிக்கொண்டே போகிறார்கள். 2021 கணக்கெடுப்பு நடக்கவில்லை, இனி 2027 என்கிறார்கள். அந்தப் பட்டியல் வந்து துணை சுகாதார நிலையங்களின் எல்லையைத் திருத்தும்போது, கும்மிடிப்பூண்டியின் லைன் வீடுகளில் அன்றைக்கு இரவுப் பாயில் படுத்திருந்தவர், அதே பாயில் பகலில் படுக்கப்போகிறவர் இருவரையும் ஒரு நர்ஸம்மாவின் பெயரில் எழுத வேண்டும். அந்த நர்ஸம்மாவுக்குப் பதிலாக நிற்கப்போகிறவரின் பெயரையும் அதே தாளில் எழுத வேண்டும்.